ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் டக்கென்று '24' என்று சொல்லும். மலைமேல் இருக்கிற ரிசார்ட்டில் கேட்டுப் பாருங்கள். '21' என்பார்கள். மதியம் 2 மணிக்கு செக்-இன். மறுநாள் காலை 11 மணிக்கு செக்-அவுட். பில்லில் மட்டும் 'ஒரு நாள் வாடகை' என்று முழுசாக இருக்கும்.

காணாமல் போன 3 மணி நேரம் எங்கே என்று கேட்டால், 'ரூம் கிளீன் பண்ணணும் சார்' என்று பதில் வரும். பண்ணட்டும். அழுக்கு ரூமில் யார் படுப்பார்கள்? ஆனால், டெய்லர் வாங்குகிற தையல் கூலியில் கடையைப் பெருக்குகிற செலவும் அடக்கம். அதற்காக, 'கடை பெருக்கணும் சார்' என்று சொல்லி சட்டையில் ஒரு கையைக் குறைத்துக்கொண்டு அவர் தருவதில்லை.

விலைவாசி ஏறிவிட்டது என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. விலை அதிகமாக இருக்கலாம். அதில் தப்பே இல்லை. பட்டுப்புடவைக்கும் சுங்குடிப் புடவைக்கும் ஒரே விலையா? ஆனால் புடவைக் கடையில் நீளம் எத்தனை முழம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தங்கும் ரூமை விற்கிறவர்கள் மட்டும் முழத்தைச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

மதுரைக்கு வாருங்கள். ரயில்வே ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்று பார்க்கிற பக்கமெல்லாம் லாட்ஜ். இவற்றில் பல, காலம் காலமாக 24 மணி நேரக் கணக்கில் ஓடுபவை. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிறவரும், விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறவரும் ஒரே வாடகைக்கு ஒரே அளவு நேரம் தங்கலாம்.

'எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்ணே?'

'இப்ப மணி என்ன, ஒம்பதே காலா? நாளைக்கு ராத்திரி ஒம்பதே கால் வரைக்கும் இருங்கண்ணே. காசு குடுத்திருக்கீங்கள்ல!'

இந்த 'காசு குடுத்திருக்கீங்கள்ல' என்ற ஒரு வார்த்தையில் இருக்கிற வியாபார தர்மம், பளபளவென்று அச்சடித்த பல ரிசார்ட் புத்தகங்களில் இல்லை.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு பேச்சுக்கு, மதுரையில் ஏ.சி. ரூம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. அதே குடும்பம் மலையேறி 6,000 ரூபாய்க்கு ரிசார்ட்டில் ரூம் போடுகிறது. 21 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 286 ரூபாய். வாடகை நாலு மடங்குதான் என்று நினைத்திருப்பீர்கள். நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் நாலரை மடங்கு தாண்டிவிட்டது. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 10 மணி வாக்கில் போய்ச் சேருவீர்கள். பிறகு 4 மணி நேரம், பிள்ளைகுட்டிகளோடு வரவேற்பறை சோபாவில் 'விருந்தினராக' உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியை வைக்கக்கூட ரூம் கிடையாது.

'அதெப்படி சார், மலைக்கும் மதுரைக்கும் ஒரே விலை கேக்கறீங்க?' என்று ரிசார்ட் முதலாளி கோபப்படலாம். அவர் பக்கத்தையும் கேட்போம். காய்கறியிலிருந்து காஸ் சிலிண்டர் வரை லாரியில் மலையேற வேண்டும். கோடையில் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும். கூட்டம் வருவது ஏப்ரல், மே, அப்புறம் சில விடுமுறை நாட்கள். பாங்க் வட்டிக்கு சீசன் கிடையாது. பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். எல்லாம் உண்மை. ஆகவே மலையில் விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காரணங்களில் ஒன்றுகூட, 24-ஐ 21 ஆக்குவதற்கோ, ரூம் வாடகைக்குள் வர வேண்டியதையெல்லாம் தனித்தனியாகப் பில் போடுவதற்கோ காரணம் ஆகாது.

உண்மையான காரணம் வேறு. ஒரு ரூமின் விலையைத் தீர்மானிப்பது அந்த ரூம் அல்ல. வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

மதுரை லாட்ஜின் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது? பக்கத்தில் இன்னொரு லாட்ஜ். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எதிரே டீக்கடை. நாலு எட்டு வைத்தால் இட்லிக் கடை, பரோட்டாக் கடை, பருத்திப்பால் வண்டி. ராத்திரி ரொம்ப நேரம் ஆனாலும் பசியோடு படுக்க வேண்டியதில்லை. பகல் கடைவீதியையும் ராத்திரிக் கடைவீதியையும் 'மதுரைக்காஞ்சி'யே பேசுகிறது. தூங்கா நகரம் என்ற பெயர் நேற்று வைத்ததல்ல. இப்படிப்பட்ட ஊரில் ஒரு லாட்ஜ்காரர் டீக்கு 150 ரூபாய் கேட்டால் என்ன ஆகும்? சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவீர்கள். அவரை நியாயமாக வைத்திருப்பது அவருடைய மனசாட்சி மட்டுமல்ல. எதிர்க்கடை அடுப்பும்தான்.

ரிசார்ட்டின் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது? இருட்டு. ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, மண் ரோட்டில் இறங்கி, பெரிய கேட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கிறீர்கள். ராத்திரி குழந்தை பாலுக்கு அழுதால் அவர்கள் சொல்வதுதான் விலை. அமைதி, தனிமை, இயற்கை என்று விளம்பரத்தில் சொன்னதன் இன்னொரு அர்த்தம் இதுதான்: வேறு கடை இல்லை. அந்தத் தனிமைக்கு ஒரு தடவை வாடகையில் காசு வாங்கிவிட்டார்கள். அப்புறம் அதே தனிமையைக் காட்டி டீ, தண்ணீர், தோசை என்று ஒவ்வொன்றிலும் மறுபடி வாங்குகிறார்கள்.

சென்னை கதை வேறு மாதிரி. அங்கே பெரிய ஓட்டல்களில் திங்கள் முதல் வியாழன் வரை வாடகை உச்சத்தில் இருக்கும். சனி, ஞாயிறு பல இடங்களில் இறங்கும். கடலோர ரிசார்ட்டுகளில் இதுவே தலைகீழ். ஏன்? நகரத்து ஓட்டலில் வார நாட்களில் தங்குகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிச் செலவில் வருகிறவர்கள். படுக்கிறவர் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுக்கிறவர் படுப்பதில்லை. விலையைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் காசில் வருகிறவரைப் பிடிக்க வேண்டுமென்றால் விலை தானாகக் குறைகிறது. அதே மெத்தை, அதே ஏ.சி., அதே ஜன்னல். ஆக, சென்னையில் கம்பெனி கொடுக்கிறது. மலையில் மாட்டிக்கொண்ட குடும்பம் கொடுக்கிறது. மதுரையில் சொந்தக் காசை எண்ணி எண்ணிக் கொடுக்கிறவர் கொடுக்கிறார். பிடிக்காவிட்டால் எழுந்து போகவும் அவரால் முடியும். எழுந்து போக முடிகிற இடத்தில்தான் நியாய விலை பிறக்கிறது.

மதுரை லாட்ஜ் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கறை படிந்த படுக்கை விரிப்பு, தாழ்ப்பாள் விழாத பாத்ரூம் கதவு, மூட்டைப்பூச்சி எல்லாம் அங்கேயும் உண்டு. இந்த ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை. காசு கொடுக்கிறவருக்கு ஏ.சி. ரூம் கிடைக்கலாம், கொடுக்க முடியாதவர் பாயில் படுக்கலாம். ஆனால் கண்ணில் செய்கிற ஆபரேஷன் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்பது அங்கே அடிப்படை. லாட்ஜுக்கும் அதேதான் நியாயம். விலை ஏற ஏற சோபா வரட்டும், நீச்சல்குளம் வரட்டும். சுத்தமான விரிப்பும், நல்ல தண்ணீரும், உள்ளே பூட்டினால் பூட்டிக்கொள்கிற கதவும் 700 ரூபாய் ரூமுக்கும் 7,000 ரூபாய் ரூமுக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு அநியாயமும் இங்கே உண்டு. 'தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லைங்க' என்று சொல்கிற லாட்ஜுகள். இன்டர்வியூவுக்கு வந்த பெண், பரீட்சை எழுத வந்த பெண், கோர்ட்டுக்கு வந்த பெண் என்ன செய்வாள்? இரண்டு, மூன்று மடங்கு கொடுத்துப் பெரிய ஓட்டலுக்குப் போவாள். அந்தக் கூடுதல் பணம் வசதிக்காக அல்ல. பெண்ணாக இருப்பதற்கு அபராதம். அவளுக்கு அந்த வீதியில் இருக்கிற லாட்ஜ்களின் கதவெல்லாம் மூடியிருக்கிறது. மலையில் குடும்பம் மாட்டிக்கொள்வது போலத்தான் இவள் ஊர் நடுவிலேயே மாட்டிக்கொள்கிறாள்.

இத்தனையும் சொன்னால், படித்தவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: 'டிமாண்ட் அண்ட் சப்ளை சார்.' கிராக்கி இருந்தால் விலை ஏறும். மல்லிகைப்பூ முகூர்த்த நாளில் ஏறவில்லையா என்பார்கள். ஏறுகிறது. ஆனால் பூ உதிரியாகச் சந்தைக்கு வருகிறது, கண் எதிரே ஏலம் நடக்கிறது, இன்றைக்கு என்ன விலை என்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். ரிசார்ட் வாடகை அப்படியா? பக்கத்து ரூம்காரர் என்ன கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. நேற்றைக்கு என்ன விலை, நாளைக்கு என்ன விலை தெரியாது. செல்போனில் காலையில் பார்த்த விலை சாயங்காலம் இல்லை. இது சந்தை இல்லை. கண்ணைக் கட்டிவிட்டு நடத்துகிற ஏலம்.

அதோடு, மலையில் ரூம் பற்றாக்குறை என்பது தானாக வந்ததும் அல்ல. மலையைக் காப்பாற்றுவதற்காகச் சட்டம் போட்டு நாமே உண்டாக்கியது. இஷ்டத்துக்கு மாடி கட்டக் கூடாது. இஷ்டத்துக்கு வண்டி போகக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று கோர்ட் வரம்பு கட்டியது. ரொம்ப சரி. மலை நொறுங்கினால் கீழே இருக்கிற நமக்குத்தான் தண்ணீர் இல்லை.

மாடி விஷயம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் நினைவூட்டல் தேவையில்லை. கொடைக்கானலில் ஒரே ஒரு ஓட்டல், விதியை மீறி மாடி மேல் மாடி கட்டியதற்கு அரசு விலக்கு கொடுத்த வழக்குதான் 'பிளசன்ட் ஸ்டே' வழக்கு. 2000 பிப்ரவரி 2-ம் தேதி ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் தண்டனை அளித்தது. அன்று நடந்த கலவரத்தில் தருமபுரியில் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் கருகினார்கள். மேல்முறையீட்டில் 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. வழக்கு முடிந்தது. மாணவிகள் திரும்பவில்லை. மலைமேல் ஒரு மாடி கூடுதலாக இருந்தால் எவ்வளவு காசு என்பது தெரிந்தவர்களுக்குத்தான், அந்த ஒரு மாடிக்கு இத்தனை போராட்டம் ஏன் என்பதும் புரியும்.

நான் கேட்பது இதுதான். பொதுநலத்துக்காக ஊர் ஒரு தட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறது. வண்டி குறைகிறது, கட்டடம் குறைகிறது. அந்தத் தட்டுப்பாட்டில் விளைகிற லாபம் முழுக்க ஏற்கெனவே கட்டடம் வைத்திருப்பவருக்கு மட்டும் போக வேண்டுமா? குறைந்தபட்சம், 'சீசனில் என் உச்ச விலை இது, இதைத் தாண்ட மாட்டேன்' என்று போர்டில் எழுதி வைக்கிற கடமையாவது அவருக்கு வேண்டாமா? அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல்களில் சீசன் விலை ஒன்று, சீசன் இல்லாத விலை ஒன்று என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அரசாங்கத்தால் முடிகிற காரியம், இரண்டு நீச்சல்குளம் கட்டத் தெரிந்தவரால் முடியாதா?

இது ஒன்றும் புதுமையான யோசனை அல்ல. 1867-ல் வெள்ளைக்காரன், முதலில் வடநாட்டை மனதில் வைத்து, சத்திரங்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தான். சராய் சட்டம் என்று பெயர். ரூமையும் கிணற்றையும் சாக்கடையையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும் என்பதோடு, கட்டணப் பட்டியலை மாவட்ட மாஜிஸ்திரேட் சொல்கிற இடத்தில், சொல்கிற மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ரயிலே சரியாக வராத காலத்தில் குதிரையில் வந்து இறங்கியவனுக்கு இருந்த உரிமை, விமானத்தில் வந்து இறங்குகிற நமக்கு இல்லை.

பிற்காலத்துச் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் அவ்வளவாகச் சாயவில்லை. பாட்டில் தண்ணீரில் அச்சடித்த விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாமா என்று ஒரு வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2017 டிசம்பர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம், வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. ஓட்டலுக்குப் போகிறவர் தண்ணீர் பாட்டில் வாங்க மட்டும் போவதில்லை. அங்குள்ள சூழலையும் சேவையையும் அனுபவிக்கத்தான் போகிறார் என்பது வாதம். சரி. ஆனால் ரிசார்ட்டில் தங்குகிறவர் சூழலுக்குத்தானே 6,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்? அந்தச் சூழலைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து இன்னொரு தடவை விற்பது என்ன நியாயம்?

வரி விஷயத்தைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 1,000 ரூபாய்க்குக் கீழே உள்ள ரூமுக்கு வரி இல்லை. 7,500 ரூபாய்க்கு மேலே 28 சதவிகிதம். சரியான வரிசைதான். 2019 அக்டோபரில் மேல்தட்டு வரியை 18 ஆகக் குறைத்தார்கள். 2022 ஜூலை 18 முதல் 1,000 ரூபாய் ரூமுக்கும் அதற்குக் கீழே உள்ள ரூமுக்கும் 12 சதவிகிதம் போட்டார்கள். அதாவது, நீச்சல்குளத்தில் மிதக்கிறவருக்குப் பத்து குறைந்தது. பெட்ஷீட்டைக் கையோடு கொண்டு வருகிறவருக்குப் பன்னிரண்டு ஏறியது. 900 ரூபாய் ரூமுக்கு ஒரு நாளைக்கு 108 ரூபாய் வரி. 2025 செப்டம்பர் 22-ம் தேதிதான் 7,500 வரைக்கும் 5 சதவிகிதம் என்று குறைத்தார்கள். அதே 900 ரூபாய்க்கு இப்போது 45 ரூபாய். குறைத்ததற்கு நன்றி. ஆனால் மூன்று வருஷத்துக்கு மேல் அந்த 108 ரூபாயைக் கட்டியவர்கள் யார் என்று யோசியுங்கள்.

இன்னொரு கணக்கு. ரூம் 7,500 ரூபாய் என்றால் 5 சதவிகிதம் சேர்த்து 7,875. ஒரே ஒரு ரூபாய் கூட்டி 7,501 என்றால், 18 சதவிகிதம் சேர்த்து 8,851. ஒரு ரூபாயில் 976 ரூபாய் வித்தியாசம்! ஆகவே, ரூம் போடுகிறபோது 'வரி தனி' என்று சின்ன எழுத்தில் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்ன லாட்ஜாக இருந்தால், பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாதவர் உங்களிடம் அந்த வரியை வசூலிக்கவே முடியாது.

'ரிசார்ட்டுக்குப் போகிறவன் பணக்காரன். அவன் கொடுத்துவிட்டுப் போகிறான், உமக்கு என்ன?' என்று கேட்கலாம். எனக்கு என்ன என்று சொல்கிறேன்.

மலையில் பிறந்த பழக்கம் மலையிலேயே நிற்பதில்லை. மெதுவாகக் கீழே இறங்குகிறது. மதுரையிலும் சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு போய், 'காலை 11 மணிக்குக் காலி பண்ணிடுங்க' என்ற கணக்கு வந்துவிட்டது. வாசலில் தொங்கிய விலைப் பலகை போய், 'ஆன்லைன்ல என்ன காட்டுதோ அதான் ரேட்' வந்துவிட்டது. சித்திரைத் திருவிழா என்றால் ஒரு விலை, சபரிமலை சீசன் என்றால் ஒரு விலை, கல்யாண முகூர்த்தம் என்றால் ஒரு விலை.

மதுரை லாட்ஜில் தங்குகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஊர் சுற்ற வந்தவர்கள் மட்டுமா? அரசு ராஜாஜி மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்துவிட்டு ராமநாதபுரத்திலிருந்து வந்து நிற்கிற மகன். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு, வாய்தாவுக்கு வாய்தா தென்கோடியிலிருந்து வந்து போகிற நிலத்தகராறுக்காரர். கண் ஆபரேஷனுக்குப் பாட்டியைக் கூட்டி வந்த பேத்தி. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை காசு சேர்த்து வருகிற குடும்பம். ராத்திரி 10 மணிக்கு வந்து இறங்கி, காலை 11 மணிக்குக் காலி செய் என்றால் இவர்களுக்குக் கிடைப்பது 13 மணி நேரம். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, ரிப்போர்ட் வாங்கி, சாயங்காலம்தான் ஊருக்குக் கிளம்ப முடியும் என்றால் இன்னொரு நாள் வாடகை. உல்லாசத்துக்காகக் கண்டுபிடித்த 21 மணி நேர நாள், கீழே இறங்கி வந்து நோயாளி வீட்டுக்காரரின் பாக்கெட்டில் கை வைக்கிறது. இதனால்தான் எனக்குக் கவலை.

இந்த மண்ணுக்கு இது பழக்கமான புத்தியும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது, ஆயர் சேரியில் மாதரி என்ற இடைக்குல மூதாட்டி வீட்டில்தான் தங்கினார்கள். கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த விருந்தாளிகள் அவர்கள். சீசன் ரேட் கேட்டதாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ராணி மங்கம்மாள் வழிநெடுகச் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினாள். அவள் பெயரில் உள்ள சத்திரம் இன்றைக்கும் மதுரை ஜங்ஷனுக்கு எதிரில் நிற்கிறது. கொடைக்கானலை மலை ஊராக்கியதுகூட மதுரைக் கூட்டம்தான். மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் இங்கிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் மேலே போய் வீடு கட்டினார்கள். இங்கிருந்து உயிர் பிழைக்கப் போன ஊர், இன்று இங்கே இருப்பவர்களுக்கு விலையை ஏற்றக் கற்றுக்கொடுக்கிறது.

எல்லோரும் இலவசமாக இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. மூன்று வரி எழுதி வாசலில் மாட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று: இந்த வாடகை எத்தனை மணி நேரத்துக்கு? 21 என்றால் 21 என்றே எழுதுங்கள். 'ஒரு நாள்' என்று எழுதாதீர்கள்.

இரண்டு: வருஷத்தில் என்றைக்குமே தாண்டாத உச்ச விலை எது? வரியோடு சேர்த்து.

மூன்று: இந்தக் காசில் எதெல்லாம் அடக்கம், எதற்கெல்லாம் தனிக்காசு? வெந்நீர், குடிநீர், கூடுதல் மெத்தை, டிரைவர் தங்குகிற இடம், சர்வீஸ் சார்ஜ் எல்லாம். இந்த சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை ஆமோதித்தது.

இதை எழுத வைக்கிற வேலை கலெக்டருடையது. கொடைக்கானல் இருக்கிற திண்டுக்கல் மாவட்டத்திலும் மதுரையிலும் ஆளுக்கு ஓர் உத்தரவு போட்டால் போதும். தீபாவளிக்குத் தீபாவளி ஆம்னி பஸ் கட்டணத்தைப் பிடிக்கக் கிளம்புகிற அரசாங்கத்துக்கு, சித்திரைத் திருவிழாவின்போது லாட்ஜ் போர்டைப் பார்க்க நேரம் இல்லாமல் போகாது.

அதுவரைக்கும் நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. மதுரை லாட்ஜில் 100 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற நாம், ரிசார்ட்டில் பில்லைப் பிரித்துப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறோம். நியாயமாக நடக்கிறவனிடம் பேரம். அநியாயமாக நடக்கிறவனிடம் மரியாதை. இது மாற வேண்டும். இனிமேல் போன் போட்டால் 'ரூம் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, வரியெல்லாம் சேர்த்து எவ்வளவு, அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவீர்களா?' என்று கேளுங்கள்.

எழுதி அனுப்புகிறவர் மலையில் இருந்தாலும் சரி, மாசி வீதியில் இருந்தாலும் சரி, தாராளமாக அவரிடம் தங்குங்கள். அனுப்ப மாட்டேன் என்கிறவரிடம், 'அப்ப வேற இடம் பாத்துக்கறேன்' என்று சொல்லி போனை வையுங்கள். அவருடைய கேட்டுக்கு உள்ளே போன பிறகு அதைச் சொல்ல முடியாது.